பள்ளிகளுக்குப் போய் நாடகம் போடும் வேலை, கூடவே வகுப்பும் எடுக்க வேண்டுமாம்: இறங்கலாமா?

விழுப்புரத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 26 வயது. பி.காம் முடித்துவிட்டு ஒரு நிதி நிறுவனத்தில் வசூல் வேலை பார்த்துக்கொண்டே மூன்று வருடம் மாலை நேரத்தில் ஒரு நாடகக் குழுவில் இருந்தேன். அதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு வாத்தியாரிடம் தெருக்கூத்து அடவு கற்றுக்கொண்டு ஏழெட்டு ராத்திரி கட்டியங்காரன் (கதை சொல்லிச் சிரிக்க வைப்பவன்) வேஷம் கட்டியிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு நாடகத்தையே பார்க்கலாம் என்று இருக்கும்போது ஒரே மாதத்தில் இரண்டு அழைப்பு வந்திருக்கிறது.

ஒன்று, பள்ளிகளுக்குப் போய்க் குழந்தைகள் நாடகம் போடும் குழு. நான்கு நடிகர்கள், ஒரு வேன், ஜூனிலிருந்து பிப்ரவரி வரை ஆறேழு மாவட்டம் சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு ஷோ, நாளுக்கு 900 ரூபாய், சாப்பாடும் தங்குவதும் அவர்கள் பொறுப்பு. இன்னொன்று, ஒரு தொண்டு நிறுவனம் மூலமாக இரண்டு அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புக்கு வாரம் இரண்டு நாள் நாடக வகுப்பு. மாதம் 14,000, பத்து மாதத்துக்கு. அப்பா இரண்டையும் வேலை என்றே ஒப்புக்கொள்ளவில்லை, அது தனிக் கதை.

குழுவோடு ஒரு வாரம் பழகிப் பார்க்கப் போயிருந்தேன். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஷோ முடிந்ததும் பிள்ளைகள் கத்திய கத்தலில் எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. அப்போது தலைமை ஆசிரியர் வந்து, ஏழாம் வகுப்பில் சார் இன்று லீவு, நீங்கள் யாராவது ஒரு பீரியட் நாடகம் சொல்லிக்கொடுங்களேன் என்றார். நான் போனேன். 52 பேர். என்ன செய்வதென்றே தெரியவில்லை. சிலை விளையாட்டு வைத்தேன், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மூன்று பையன்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள், நான் சத்தம் போட்டேன், என் குரல் எனக்கே அந்த வசூல் வேலைக் குரல் மாதிரி கேட்டது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் கடைசி வரை தலையே நிமிரவில்லை. அரை மணி நேரம் முன்னால் அதே பெண் மைதானத்தில் விழுந்து விழுந்து சிரித்ததை நான் பார்த்திருந்தேன்.

இதுதான் என் கேள்வி. நடிக்கத் தெரிந்தால் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியுமா? எதில் முதலில் இறங்கலாம்? இதில் வருடக்கணக்கில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ட்ரங்க்பெட்டி:

தம்பி, நான் இந்த வேலையில் 19 வருடமாக இருக்கிறேன், அதனால் முதலில் ஷோ பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் எப்படிப் போகும் தெரியுமா. ஐந்து மணிக்கு எழுந்து, லாட்ஜ் வாசலில் டீ குடித்துவிட்டு, வேனில் பெட்டி ஏற்றி, காலை வழிபாடு முடிவதற்குள் பள்ளிக்குள் இருக்க வேண்டும். போனதும் தலைமை ஆசிரியரைப் பார்ப்பதற்கு முன்னால் மைதானத்தைப் பார். மரம் எங்கே இருக்கிறது, பதினோரு மணிக்கு நிழல் எந்தப் பக்கம் சாயும் என்று பார். வெயில் பிள்ளைகள் முதுகில் விழ வேண்டும், நம் முகத்தில் விழ வேண்டும். இதை மாற்றி வைத்தால் 500 குழந்தைகளும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெளிவார்கள், நாடகம் பிடிக்கவில்லை போல என்று நீ நினைத்துக்கொள்வாய். முதல் இரண்டு வருடம் நான் அப்படித்தான் நினைத்தேன்.

அரசுப் பள்ளியில் காலை ஷோவைப் பன்னிரண்டு மணிக்கு மேல் இழுக்கவே கூடாது. சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வர ஆரம்பித்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் தட்டைத் தேடுவார்கள். அவர்களுக்கு அது பசி நேரம், உன் உச்சக்காட்சி அதற்குப் பிறகு எடுபடாது. அப்புறம் முகமூடி. ஒன்றாம் வகுப்பு இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தால் உள்ளேயிருந்து முகமூடி போட்டுக்கொண்டு வராதே, வீறிட்டு அழும். அவர்கள் கண் முன்னாலேயே கையில் எடுத்துக் காட்டி, இது காகிதக் கூழ், இதோ இந்த மாமாதான் கரடியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போடு. பயமும் போகும், அந்த நிமிடத்திலிருந்து அவர்களும் நாடகத்துக்குள் வந்துவிடுவார்கள். நாடகம் என்றால் என்ன என்று அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது.

தொண்டையைப் பார்த்துக்கொள். கூத்தில் உனக்கு முன்னால் ராத்திரி, அமைதி, பின்னால் பின்பாட்டு. இங்கே பக்கத்துச் சாலையில் லாரி, மேலே திறந்த வானம். கத்தினால் மூன்றாம் வாரம் குரல் போய்விடும். வாசகத்தைக் குறைத்து உடம்பால் சொல்லக் கற்றுக்கொள். பாட்டு வரும் இடத்தில் பிள்ளைகளைப் பாட வை, அந்த நேரத்தில் உன் தொண்டைக்கு ஓய்வு.

காசு விஷயம். நாளுக்கு 900 என்பது எத்தனை நாளுக்கு என்று கேள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அக்டோபரில் விடுமுறைகள், நவம்பரில் மழை, டிசம்பரில் அரையாண்டு, பிப்ரவரியில் பொதுத்தேர்வுப் பரபரப்பு, மார்ச் ஏப்ரலில் யாரும் கூப்பிட மாட்டார்கள். எனக்கு நல்ல வருடத்தில் 110 நாள் ஷோ கிடைத்திருக்கிறது, மோசமான வருடத்தில் 60. மே மாதக் கோடை முகாம்கள் கொஞ்சம் தாங்கும். தனியார் பள்ளியும் அறக்கட்டளையும் பணம் தரும்போது 10 சதவீதம் வரி பிடித்தால் விட்டுவிடாதே, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பி வரும். எத்தனையோ நடிகர்கள் இது தெரியாமலே வருடா வருடம் விட்டிருக்கிறார்கள். கூத்துக் கற்றவன் என்கிறாய், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாயா? இல்லையென்றால் இந்த மாதமே போய்ப் பதி.

கடைசியாக ஒன்று. வகுப்பு உசத்தி, ஷோ கீழே என்று யாராவது சொன்னால் நம்பாதே. கல்வராயன் மலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஷோ முடிந்து பெட்டி கட்டும்போது ஒரு பையன் வந்து, நாடகத்தில் நாங்கள் ஆறாக அசைத்த வேட்டியைத் தொட்டுப் பார்த்து, இந்த வேட்டிதான் ஆறா ஓடிச்சா என்று கேட்டான். தண்ணீரே பார்த்த மாதிரி கேட்டான். அது 45 நிமிடத்தில் நடந்தது. அதை மட்டமாக நினைக்காதே.

கதவோரம்:

ட்ரங்க்பெட்டி அண்ணன் சொன்னதெல்லாம் சத்தியம். நானும் ஆறு வருடம் வேனில் சுற்றியவள்தான், இப்போது ஒன்பது வருடமாகக் காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பள்ளிகளில் வகுப்பு எடுக்கிறேன். ஆனால் விழுப்புரத்தம்பி கேட்டது வேறு. அந்த 52 பேர் முன்னால் அவர் தவித்தாரே, அந்தத் தவிப்பைப் பற்றி யாராவது பேச வேண்டும்.

தம்பி, அன்றைக்கு நீங்கள் செய்ததில் பெரிய தவறு ஒன்றும் இல்லை. தவறு அந்த ஏற்பாட்டில். ஷோவின் வாலாக வகுப்பைக் கட்டி விடுவது. ஆசிரியர் லீவு, பீரியட் காலி, நாடகக்காரர் இருக்கிறார், அனுப்பு என்பது. 1965ல் இங்கிலாந்தில் கோவன்ட்ரி நகரத்து பெல்கிரேட் தியேட்டர்தான் பள்ளிக்கென்றே தனிக் குழு வைத்து, தியேட்டர் இன் எஜுகேஷன் என்ற பெயரில் இந்த வேலையை ஆரம்பித்தது. அங்கே நடிகரும் ஆசிரியரும் ஒரே ஆள். அதனால்தான் ஒரு நேரத்துக்கு ஒரு வகுப்பு, இரண்டு வகுப்பு என்று வைத்துக்கொண்டு, பிள்ளைகளையும் கதைக்குள் இழுத்து, முன்னும் பின்னும் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசி வேலை செய்தார்கள். நம் ஊரில் பெயரை எடுத்துக்கொண்டோம், எண்ணிக்கையை மட்டும் 600 ஆக்கிவிட்டோம். எத்தனை குழந்தைகள் பார்த்தார்கள் என்று நிதி கொடுப்பவர் கேட்கிறார், அதனால்.

வகுப்பு எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் இரண்டு பீரியடைச் சேர்த்துக் கேளுங்கள். 40 நிமிடத்தில் பெஞ்சை ஓரம் தள்ள எட்டு நிமிடம், திரும்பப் போட ஐந்து நிமிடம், மிச்சம் என்ன இருக்கிறது? முதல் நாள் நடிப்பே வேண்டாம். வட்டமாக நிற்க வையுங்கள். தமிழ்நாட்டு வகுப்பில் எட்டு வருடம் முன்னால் இருப்பவன் முதுகையே பார்த்து உட்கார்ந்த பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் கொத்தாக நிற்பார்கள், விடுங்கள், மூன்றாவது வாரம் தானாகக் கலையும். எல்லோர் பெயரும் இரண்டாவது வகுப்புக்குள் உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். ஏய், சிவப்பு ரிப்பன் என்று கூப்பிட்டால் அந்தப் பிள்ளை உங்களிடம் வராது.

வேண்டாம் என்று சொல்லி ஓரமாக உட்காரும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று முதல் நாளே சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் ஐந்து வாரம் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தே இருந்தான். நான் அவனை ஒரு நாளும் வா என்று கூப்பிடவில்லை, போகும்போது மட்டும் பெயர் சொல்லி வருகிறேன் என்பேன். ஆறாவது வாரம் பிள்ளைகள் டவுன் பஸ் காட்சி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். கண்டக்டராக நின்றவன் பஸ்ஸை எடுக்க ஒரே ஒரு விசில் அடித்தான். ஜன்னலிலிருந்து குரல் வந்தது, டேய், ஒரு விசில்னா நிறுத்தம்டா, ரெண்டு அடிச்சாதான் வண்டி எடுப்பாங்க. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீயே வந்து அடித்துக் காட்டு என்றான் அந்தக் கண்டக்டர் பையன். இவன் இறங்கி வந்தான். அந்த வருடம் முழுவதும் எங்கள் எல்லா நாடகத்திலும் நேரம் பார்த்தது அவன்தான். உங்கள் கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கும் ஏதோ ஒரு விசில் இருக்கும், ஆனால் ஒரு பீரியடில் அது தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், நிறையப் பள்ளி வேண்டாம், நிறைய வாரம் கேளுங்கள்.

ஷோவில் கிடைக்காத ஒன்று வகுப்பில் கிடைக்கும். பிரேசில்காரர் அகஸ்தோ போவால் உருவாக்கிய ஃபோரம் தியேட்டர் கேள்விப்பட்டிருப்பீர்கள், காட்சியை ஒரு முறை நடித்துவிட்டு, மறுமுறை பார்ப்பவர்களே நிறுத்தச் சொல்லி உள்ளே வந்து மாற்றிப் பார்ப்பது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே ஒரு காட்சி கட்டினார்கள். பெண்ணை நூற்பாலைக்கு அனுப்பச் சொல்லித் தரகர் வீட்டுக்கு வருகிறார், மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்கிறார். நான் எல்லோரும் அந்தப் பெண் பாத்திரத்தைத்தான் மாற்றுவார்கள் என்று காத்திருந்தேன். ஒரு மாணவி எழுந்து வந்து அம்மா இடத்தில் உட்கார்ந்தாள். தரகரிடம், அந்தப் பணத்தை இப்பவே பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க, நடுவுல என் பொண்ணு உடம்பு சரியில்லாம வந்துட்டா எவ்வளவு தருவீங்க அதையும் எழுதுங்க என்றாள். தரகராக நின்ற பையனுக்குப் பேச்சு வரவில்லை. வகுப்பு அப்படியே அமைதியானது. அந்தக் கேள்வி வீட்டில் யாரோ கேட்காமல் விட்ட கேள்வி என்று எனக்குப் பட்டது.

இதனால்தான் எச்சரிக்கையும் வேண்டும். இப்படிக் காட்சிகள் வந்தால் பிள்ளைகள் பிறகு தனியாக வந்து எதையாவது சொல்வார்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், கொடுக்கவே கூடாது. பாலியல் கொடுமை என்றால் 2012ம் வருட போக்சோ சட்டம் 19வது பிரிவின்படி தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் நமக்கும் தண்டனை உண்டு. 1098 குழந்தைகள் உதவி எண்ணையும், பள்ளிக் கல்வித் துறையின் 14417ஐயும் முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். கதவைத் திறந்து வைத்தே வகுப்பு எடுங்கள். ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்காதீர்கள்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. பயணத்துக்கு ஒப்புக்கொள்ளும் முன்னால் உடை மாற்ற எங்கே இடம், கழிப்பறை எங்கே, இரவு தங்குமிடத்தில் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு பள்ளியில் ஆய்வகத்து அலமாரிக்குப் பின்னால் சேலை மாற்றியிருக்கிறேன், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இரண்டு ஷோ போட்டுச் சிறுநீர்த் தொற்றோடு ஊர் திரும்பியிருக்கிறேன். கேட்டால் எரிச்சல்படும் குழுவில் சேரவே வேண்டாம்.

தமிழய்யா_ஆறாவது:

நான் நாடகக்காரன் இல்லை, அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். பள்ளிக் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து சில விஷயம்.

எங்கள் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்விக்கு ஆசிரியர் உண்டு. 2012ல் 16,549 பேரைப் பகுதிநேரமாக, அப்போது மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள், அவர்கள் நிரந்தரம் கேட்டு வருடக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். நாடகத்துக்கென்று ஒரு பணியிடத்தை என் இருபத்தோரு வருட வேலையில் நான் பார்த்ததில்லை. ஆனால் 2022–23லிருந்து கலைத் திருவிழா நடக்கிறது, அதில் நாடகமும் போட்டி. அதனால் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் உங்களைக் கூப்பிடுவோம், எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்து கொடுங்கள் என்போம். செய்யுங்கள், ஆனால் அந்த எட்டுப் பேரும் ஏற்கெனவே எல்லாப் போட்டியிலும் மேடை ஏறுகிற அதே எட்டுப் பேர் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அனுமதி இல்லாமல் வராதீர்கள். முதன்மைக் கல்வி அலுவலர் கடிதம் வேண்டும், 2024ல் சென்னைப் பள்ளி ஒன்றில் வெளியாள் பேச்சால் எழுந்த பிரச்சினைக்குப் பிறகு எந்தத் தலைமை ஆசிரியரும் கடிதமில்லாமல் யாரையும் உள்ளே விடத் துணிய மாட்டார். என்ன நாடகம், என்ன கதை, எவ்வளவு நேரம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் எங்களுக்கும் பாதுகாப்பு.

சில வருடம் முன்னால் ஒரு குழு வந்தது. சுத்தம் பற்றிய நாடகம். அதில் அழுக்குச் சட்டையோடு வரும் பையனை எல்லோரும் கேலி செய்வார்கள், கடைசியில் அவன் திருந்துவான். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஒரே சீருடைச் சட்டைதான் அன்றைக்குக் கையில் இருந்தது. மறுநாளிலிருந்து ஒரு பையனுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே பட்டப்பெயர் ஆகிவிட்டது. குழு போய்விட்டது, அந்தப் பெயர் அவன் பத்தாவது முடிக்கும் வரை போகவில்லை. நீங்கள் வேனில் ஏறிய பிறகு இங்கே என்ன நடக்கும் என்று யோசித்துக் கதை எழுதுங்கள், இதை மன்றாடிக் கேட்கிறேன்.

வகுப்பெடுக்க வந்தால் எங்களில் ஒருவரை வட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஓரமாக நோட்டுத் திருத்திக்கொண்டிருப்போம், விடாதீர்கள். நான் ஒரு வருடம் அப்படி வட்டத்தில் நின்ற பிறகுதான் செய்யுள் நடத்தும்போது பெஞ்சைத் தள்ளவே பழகினேன்.

விழுப்புரத்தான்:

எல்லோருக்கும் நன்றி. அந்தச் சட்டை விஷயம் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை, ஏனென்றால் நான் பழகிப் பார்த்த குழுவின் நாடகத்திலும் கிட்டத்தட்ட அதே மாதிரி திக்கித் திக்கிப் பேசும் பாத்திரம் ஒன்று இருக்கிறது, பிள்ளைகள் அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

அக்கா, ஒரு கேள்வி. இதற்கு முறையான படிப்பு எங்காவது இருக்கிறதா? இல்லை, பழகித்தான் கற்க வேண்டுமா?

கதவோரம்:

இருக்கிறது. தில்லி தேசிய நாடகப் பள்ளி 1989லிருந்து குழந்தைகளுக்கென்று தனிக் குழு நடத்துகிறது, அவர்களுடைய அகர்தலா மையத்தில் கல்விசார் நாடகத்துக்கென்றே ஓராண்டுப் படிப்பு, அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். பக்கத்தில் என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி, உங்களுக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரம்தானே. கன்னடம் சமாளிப்பீர்கள் என்றால் ஹெக்கோட்டில் உள்ள நீநாசம் நாடக நிறுவனம், அவர்களுடைய திருகாட்டக் குழு 1985லிருந்து கர்நாடகம் முழுக்கச் சுற்றுகிறது, சுற்றுப்பயண நடிகனின் உடம்பு எப்படித் தயாராகிறது என்று அங்கே பார்க்கலாம். படிப்பு வரும்போது வரட்டும், அதுவரை ஏதாவது ஒரு நல்ல ஆசிரியரின் வகுப்பில் ஒரு மாதம் பின்னால் உட்கார்ந்து பாருங்கள்.

மட்டுநகரான்:

தம்பி, நான் மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் நிலைமை கொஞ்சம் வேறு. நாடகமும் அரங்கியலும் என்று சாதாரண தரம், உயர்தரம் இரண்டு பொதுப் பரீட்சைக்கும் பாடமே இருக்கிறது, அதற்கு ஆசிரியர் நியமனமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1978ல் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கின காலத்திலிருந்தே குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றவர்கள் பள்ளிக்கூட அரங்கைப் பெரிய வேலையாக எடுத்துச் செய்தவர்கள். ஆனாலும் பாடமாக வந்த பிறகு ஒரு தொல்லையும் வந்தது, பிள்ளைகள் அரங்கின் வரலாற்றைப் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதுகிறார்கள், ஒரு நாள் கூட மேடையில் நின்றிராத பிள்ளை திறமைச் சித்தி (நல்ல மதிப்பெண்ணோடு தேர்ச்சி) எடுக்கிறது. பாடமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. 2004 டிசம்பர் கடல்கோளுக்குப் பிறகு கரையோரப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு குழுவாகப் போனோம். எங்களிடம் கனகாலமாக ஆடின ஒரு சிறுவர் நாடகம் இருந்தது, அதில் ஆறு வரும், அதற்கு நீல நிறச் சேலை ஒன்றை இரண்டு பேர் பிடித்து அசைப்போம். முகாமுக்குப் பக்கத்துப் பள்ளியில் முதல் தடவை அந்தச் சேலையை விரித்தோம். அசைக்கவில்லை, விரித்ததோடு சரி. முன்னால் இருந்த பிள்ளைகள் எழும்பிப் பின்னுக்குப் போய்விட்டார்கள். ஒருவரும் அழவில்லை, சத்தம் போடவில்லை, பேசாமல் எழும்பிப் போனார்கள். நாங்கள் அந்த இடத்திலேயே நாடகத்தை நிறுத்திவிட்டுச் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தோம். பிறகு நாலு மாதம் அந்தப் பள்ளிக்கூடத்தில் நாடகமே போடவில்லை. பந்து விளையாடினோம், பாட்டுப் படித்தோம், கூத்துத் தாளத்துக்கு ஆடினோம். ஐந்தாம் மாதம் ஒரு பிள்ளை தானாக வந்து, அந்த நீலச் சீலை எங்கே என்று கேட்டது. எடுத்துக் கொடுத்தோம். தரையில் விரித்து அதில் உட்கார்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை.

அது முடிய எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், பெட்டியைத் திறக்க முதல், இங்கே அண்மையில் என்ன நடந்தது என்று ஒரு ஆசிரியரிடமாவது கேட்பேன். திக்குவாய்ப் பாத்திரம் பற்றி நீர் கவலைப்பட்டது நல்லது. அந்தக் குழுவிடம் பேசும்.

ட்ரங்க்பெட்டி:

தமிழய்யா சொன்னதும் மட்டுநகர் அண்ணன் சொன்னதும் என்னை யோசிக்க வைத்துவிட்டது. நானும் பல வருடம் குண்டுப் பையன் பாத்திரம் ஒன்றை ஆடியிருக்கிறேன். தலையணை கட்டிக்கொண்டு. அது எத்தனை பள்ளியில் எத்தனை பேருக்குப் பட்டப்பெயர் ஆனதோ.

தம்பி, நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். இரண்டையும் சேர்க்க முடியும். வகுப்பு வாரம் இரண்டு நாள், பத்து மாதம் உறுதி என்றால் அதை முதுகெலும்பாக வைத்துக்கொள். எந்தெந்த நாள் என்று பள்ளியோடு ஜூன் முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிட்டு, மிச்ச நாளில் மட்டும் ஷோவுக்கு வருகிறேன் என்று குழுவிடம் கேள். ஒப்புக்கொள்வார்கள், உன் பாத்திரத்தை இன்னொருவருக்கும் சொல்லிக்கொடுத்து வைத்தால் போதும். எதிலும் வாய்ப்பேச்சில் நிற்காதே. எத்தனை நாள், மழையால் ரத்தானால் பாதிப் பணமா முழுப் பணமா, வண்டி விபத்தானால் மருத்துவச் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளுக்குள் வரும் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கு. 2016ல் ஒரு அறக்கட்டளைக்காக 31 நாள் ஆடிவிட்டுப் பணத்துக்கு ஒன்பது மாதம் அலைந்தேன், கடைசியில் கைக்கு வந்தது பாதிதான். ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் பேசியிருக்கலாம்.

வசூல் வேலையை ஜூன் வரை விடாதே. ஆறு மாத வாடகையும் அரிசிக் காசும் கையில் சேர்த்துக்கொண்டு இறங்கு.

விழுப்புரத்தான்:

நேற்று இரண்டு பேரிடமும் பேசிவிட்டேன். தொண்டு நிறுவனம் செவ்வாய், வியாழன் தந்திருக்கிறது, இரண்டு பள்ளியிலும் இரண்டு பீரியட் சேர்த்தே கேட்டேன், ஒரு பள்ளி சரி என்றது, இன்னொன்று பார்க்கலாம் என்றது. குழுவிடம் அந்தத் திக்குவாய்ப் பாத்திரத்தைச் சொன்னேன். இயக்குநர் முதலில் பிடிக்காத மாதிரி இருந்தார், அப்புறம் சனிக்கிழமை ஒத்திகைக்கு வா, உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். அவரிடம் இன்னொன்றும் கேட்டேன், அந்தக் கள்ளக்குறிச்சிப் பள்ளி இந்த வருடப் பட்டியலில் இருக்கிறதா என்று. ஆகஸ்டில் இருக்கிறதாம். ஷோவுக்கு முதல் நாள் ஒரு பீரியட் அந்த வகுப்புக்குப் போகலாமா என்று தலைமை ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அவர்கள் அப்போது எட்டாம் வகுப்பில் இருப்பார்கள்.